மார்கழி மப்பை வரைந்தால் எல்லாம் சாம்பலாகவே வருகிறது, நிறத்தை எங்கே பிடிப்பது?

வாய்க்கால்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். வாட்டர்கலர் சொந்தமாகத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன், யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. கார்த்திகை மார்கழியில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் மப்பும் மந்தாரமும்தான், பொதிகைமலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போயிருக்கும், தூத்தல் விட்டு விட்டுப் போடும், கீழே பிசான நெற்பயிர் பச்சை பிடித்து நிற்கும். எனக்கு அந்த வெளிச்சம் ரொம்பப் பிடிக்கும். பங்குனி சித்திரை வெயிலைவிட இதைத்தான் வரையத் தோன்றுகிறது.

சிக்கல் என்னவென்றால் வரைந்து முடித்தால் தாள் முழுக்க ஒரே சாம்பல். வானம் சாம்பல், மலை அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த சாம்பல், குளமும் சாம்பல், பச்சையும் அழுக்கேறிக் கிடக்கிறது. நேரில் நிற்கும்போது எத்தனையோ நிறம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது, ஆனால் பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் எது எந்த நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. வானத்துக்கும் மலைக்கும் நிழலுக்கும் பெய்ன்ஸ் கிரே என்கிற நீலச் சாம்பல் டியூபைத்தான் பயன்படுத்துகிறேன்.

குளிர்கால நிலக்காட்சி வரைவது எப்படி என்று யூடியூபில் தேடினால் பனி மூடின வயலும் மொட்டை மரமுமாக வருகிறது. தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடு, நிழலுக்கு நீலம் போடு என்கிறார்கள். இங்கே வெள்ளையும் கிடையாது, மப்பு நாளில் நிழலும் கிடையாது, அப்புறம் எதைப் போடுவது?

தெரிந்த டிராயிங் வாத்தியார் ஒருவரிடம் கேட்டேன். "வரப்பில் சிவப்புச் சேலை கட்டின பொம்பளை ஒருத்தியை நிறுத்து, படம் எந்திரிச்சிரும்" என்றார். நிறுத்திப் பார்த்தால் சேலை மட்டும்தான் தெரிகிறது, ஊர் காணாமல் போய்விட்டது. இப்படி எதையாவது ஒட்டவைக்காமல், அந்த மங்கலும் கெடாமல், அதற்குள் இருக்கிற நிறத்தைக் கொண்டுவர வழி இருந்தால் சொல்லுங்கள்.

கொக்கிரகுளத்துக்காரன் எழுதியது:

தம்பி (தங்கச்சியாக இருந்தால் கோவிச்சுக்க வேண்டாம், பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை), படத்தை நீங்கள் இங்கே போடவில்லை, இருந்தாலும் பந்தயம் கட்டிச் சொல்கிறேன், வானத்தை அளவுக்கு மேல் இருட்டடித்திருப்பீர்கள். மழைக்கால வானம் என்றதும் கை தானாகக் கறுப்புக்குப் போகும், எல்லாருக்கும் அப்படித்தான்.

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். வெயில் நாளில் வெளிச்சம் சூரியனிலிருந்து வருகிறது. மேகம் மூடின நாளில் வானம் மொத்தத்திலிருந்தும் வருகிறது. அந்த வெளிச்சத்தை வாங்கித்தான் கீழே இருக்கிற வயலும் மரமும் வீடும் தெரிகின்றன, அதனால் சாதாரண மப்பு நாளில் கீழே இருக்கிற எதுவும் வானத்தைவிட வெளிச்சமாக இருக்க வழியில்லை. வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவர் ஒன்றை வானத்தோடு ஒட்டிவருகிற மாதிரி நின்று பாருங்கள். வெள்ளை என்று நமக்குத் தெரிந்திருப்பதால் வெள்ளையாகப் பார்க்கிறோம், கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சுவர் வானத்தைவிட நன்றாகவே இருட்டாக இருக்கும். குளத்துத் தண்ணீர்கூட தூரத்தில் வானத்துக்குக் கிட்ட வரும், ஆனால் காலடியில் இருக்கிற தண்ணீர் இருட்டுதான், ஏனென்றால் சாய்வாகப் பார்க்கும்போது தண்ணீர் வானத்தை அதிகமாகத் திருப்பிக் காட்டும், நேர் கீழே பார்க்கும்போது பெரும்பகுதி வெளிச்சம் உள்ளே போய்விடும்.

வானத்தை முதலிலேயே அடர்த்தியாகப் போட்டுவிட்டால் மற்றது எல்லாவற்றையும் அதைவிட இருட்டாகப் போட்டாக வேண்டும். இருட்டில் நிறத்துக்கு இடமில்லை, எல்லாம் கறுப்பை நோக்கி ஓடும். உங்கள் பச்சை அழுக்காவது இதனால்தான் என்று நினைக்கிறேன். வானத்துக்கு ரொம்ப லேசான வாஷ் (தண்ணீர் கூட்டிக் கரைத்துப் பரப்புகிற நிறம்) ஒன்று, அதுவும் காய்ந்தால் இன்னும் வெளுக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு. அவ்வளவு போதும். அப்புறம் பாருங்கள், வயலுக்கும் மரத்துக்கும் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று.

அடுத்து அந்த டியூப். பெய்ன்ஸ் கிரே மோசமான நிறம் இல்லை, ஆனால் இன்றைக்கு டியூபில் வருவது பெரும்பாலும் அல்ட்ராமரின் நீலமும் கறுப்பும் கலந்ததுதான், லேபிளில் பிபி 29 என்று இருந்தால் அது அல்ட்ராமரின், பிபிகே என்று தொடங்குவது கறுப்பு. ஒரே கலவையை வானம், மலை, நிழல் மூன்றுக்கும் போட்டால் மூன்றும் ஒரே ஜாதியாகிவிடும். அதைக் கொஞ்ச நாள் பெட்டியில் போட்டுவிட்டு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் மட்டும் வைத்துச் சாம்பல் கலந்து பழகுங்கள். நீலம் கூடினால் மலைக்கான சாம்பல், பழுப்பு கூடினால் வரப்புக்கும் கல்லுக்கும் ஆன சாம்பல், சரிபாதியாக வந்தால் கிட்டத்தட்ட கறுப்பே வரும். தட்டில் முழுக்கக் குழைத்துவிடாமல் ஈரத்தாளில் பாதி கலக்க விடுங்கள். அல்ட்ராமரின் துகள் தாளின் குழியில் இறங்கி நிற்கும், சியன்னா பரவும், ஒரே வாஷுக்குள் அங்கங்கே நீலமும் பழுப்புமாகப் பிரிந்து தெரியும். நீங்கள் நேரில் பார்த்து இருக்கிறது ஆனால் பெயர் தெரியவில்லை என்கிற நிறம் பாதி இப்படித்தான் கிடைக்கும்.

சும்மா ஒரு தகவல். முன்பு வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலப்பொடி இந்த அல்ட்ராமரின்தான். பர்ன்ட் சியன்னா இரும்பு கலந்த மண்ணை வறுத்து எடுக்கிற நிறம், நம்ம பக்கத்துத் தேரி மணல்மேடுகளுக்குச் சிவப்பு கொடுப்பதும் அதே இரும்பு ஆக்சைடுதான். வெளியூர்ப் பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தினசரி காலண்டரில் தாளெல்லாம் கிழித்த பிறகு மிஞ்சுகிற அட்டை இருக்கிறதே, அதன் பின்பக்கம் சாம்பல் நிறம்தான். அதில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, கையை நீட்டிப் பிடித்து, ஓட்டை வழியாக மலையை மட்டும் பாருங்கள். மலை என்ற நினைப்பு போய் வெறும் நிறமாகத் தெரியும். அட்டையைவிட நீலமா, ஊதாவா, பச்சையா என்று அப்போது யோசிக்காமலே சொல்லிவிடலாம்.

தறிச்சத்தம் எழுதியது:

அண்ணாச்சி சொன்னது சரி, நான் வேறு பக்கமிருந்து வருகிறேன். ஊர் வீரவநல்லூர், தறி ஓடின வீட்டில் வளர்ந்தவன். சாம்பல் நூலைத் தனியாகக் கையில் வைத்துப் பார்த்தால் வெறும் சாம்பல்தான். அதையே சேலையின் உடலுக்கு ஓட்டி, கரையைப் பச்சையாகப் போட்டுப் பாருங்கள், சாம்பலில் லேசாக ஒரு செம்மை ஏறும். கரையை ஆரஞ்சாக மாற்றினால் அதே நூல் நீலம் பூத்துத் தெரியும். நூல் ஒன்றேதான்.

இதை நெசவாலையில் உட்கார்ந்தே ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். பாரிஸில் கோபெலின் என்ற அரசு நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயத்தில் அழுத்தம் போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் ஓடின நிறம்தான் கறுப்பை மங்கடித்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் சோதனை செய்து 1839இல் பெரிய புத்தகமாகவே போட்டார். பிற்பாடு வந்த ஓவியர்கள் பலர் அதைக் கரைத்துக் குடித்தார்கள்.

இப்போது உங்கள் காட்சிக்கு வாருங்கள். தாளில் பாதிக்குக் கீழே பிசானப் பச்சை. அதற்கு மேலே நிறமே இல்லாத நடுச் சாம்பலை வைத்தாலும் கண் அதைக் கொஞ்சம் ரோஸாக, ஊதாவாகத்தான் வாசிக்கும். வயலுக்கு மேலே அடிவானத்தை ஒட்டின மேகம் லேசான கத்தரிப்பூ நிறத்தில் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள், அது பாதி மேகத்தில் இருக்கிறது, பாதி உங்கள் கண்ணில் இருக்கிறது. அதனால் வானத்தின் அடிப்பகுதி வாஷில் பர்மனெண்ட் ரோஸ் ஒரு துளி, பிரஷ் நுனியில் எடுத்தது போதும். அள்ளிப் போட்டுவிடாதீர்கள், பச்சை சரியாக விழுந்தால் மீதியைக் கண்ணே செய்துகொள்ளும்.

சிவப்புச் சேலை ஏன் ஊரை முழுங்கியது என்பதற்கும் இதுதான் காரணம். பச்சைக்கு நேர் எதிர் சிவப்பு. டியூபிலிருந்து எடுத்த சிவப்பைப் பச்சைக்கு நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கத்தும். காவி, செங்கல், பாசி பிடித்த ஓடு, வாழையின் காய்ந்த சருகு, இவையெல்லாம் சிவப்பின் சொந்தக்காரர்கள்தான், ஆனால் அடக்கமானவை. அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். வாத்தியார் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தச் சேலைக்காரி தமிழ்நாட்டில் எத்தனை படத்தில் வரப்பில் நிற்கிறாள் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

டவுன்வாசி எழுதியது:

எதுக்குவே இவ்வளவு தியரி. அந்தப் பிள்ளை வாய்க்கால் கரையில் நின்று வரையட்டும், தன்னால் வரும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆளே வேண்டாம் என்று முடிவு கட்ட வேண்டாம். கார்த்திகை நடவில் பொம்பளைகள் வரிசையாகக் குனிந்து நிற்பதைப் பார்த்ததில்லையா? சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலைக்கு உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருப்பார்கள், ஒருத்தர் நீலப் பாலித்தீனைச் சுற்றியிருப்பார், முழங்கால் வரைக்கும் சேறு. அது உள்ளதை உள்ளபடி வரைவது. சும்மா நிற்கிற சிவப்புச் சேலைதான் ஜோடனை.

தேரிமணல் எழுதியது:

ஊர் திசையன்விளைப் பக்கம், இருப்பது டொரோண்டோவில். பனி வீடியோ நமக்கு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் பனிக்கு நடுவில் இருக்கிற எனக்கே அந்த வீடியோக்கள் பெரிதாக உதவவில்லை. காரணம் இதுதான், பனியில் நீல நிழல் விழ வெயில் வேண்டும். வெயில் மறைந்த இடத்துக்கு நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் வருவதால்தான் அந்த நிழல் நீலமாகத் தெரிகிறது. 1868-69 குளிர்காலத்தில் நார்மண்டியில் எத்ரெத்தா ஊருக்குப் பக்கத்தில் மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படம் ஒன்று இருக்கிறது, வேலிப்படலில் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை உட்கார்ந்திருக்கும், முன்னால் பனியில் வேலியின் நிழல் நீலமாக விழுந்திருக்கும். 1869இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் அதை ஏற்கவில்லை, இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அந்த வீடியோக்காரர்கள் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ அந்த வெயில் நாளைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இங்கே டிசம்பர் ஜனவரியில் பெரும்பாலான நாள் வானம் மூடித்தான் இருக்கிறது, பனியும் சாம்பல், ஏரியும் சாம்பல், நீல நிழலுக்கு எங்கே போக. ஆக நீங்களும் நானும் மாட்டியிருப்பது ஒரே இடத்தில்.

இங்கே நான் கற்றுக்கொண்டது, நிறத்தைத் தரையில் தேட வேண்டும் என்பது. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. ஓடைக்கரையில் டாக்வுட் என்று ஒரு புதர், இலை கொட்டினதும் குச்சியெல்லாம் சிவப்பாக நிற்கும். பீச் (beech) மரத்தின் இளங்கிளையில் காய்ந்த இலை குளிர்காலம் முழுக்க விழாமல் வெளிர் பழுப்பாகத் தொங்கும். காய்ந்த புல் ஓக்கர் நிறம். வெயில் காலத்தில் இதில் ஒன்றையும் திரும்பிப் பார்க்க மாட்டோம், மப்பு நாளில் இதுதான் காட்சியே. ஊரில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தால் வாதாம் மரம் நினைவுக்கு வருகிறது. மார்கழி தையில் இலை சிவந்து உதிர்ந்து, தெருவில் நனைந்து கிடக்கும். அந்தச் சிவப்பை விட்டுவிட்டுச் சேலையைத் தேடுவானேன்.

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். தொடங்குவதற்கு முன்பு இந்தப் படத்தில் இருக்கப்போகிற ஆக அழுத்தமான நிறம் எது என்று முடிவு பண்ணுங்கள். வாதாம் இலையோ இளம் நாற்றோ ஏதோ ஒன்று. அதைத் தட்டில் கலந்து ஓரமாக ஒரு சொட்டு வைத்துவிடுங்கள். மற்ற எந்த நிறமும் அதைத் தாண்டக் கூடாது. டியூப் பச்சையோடு ஒப்பிட்டால் அந்தச் சொட்டு மங்கலாகத்தான் இருக்கும், பரவாயில்லை. சுற்றிலும் அதைவிட அடங்கினது இருந்தால் அதுவே எடுப்பாகத் தெரியும்.

தேரியையும் ஒருமுறை மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். கோடையில் வெளிறிக் கிடக்கிற மணல் நனைந்ததும் அப்படி அடர்ந்துவிடும். நனைந்த மண்ணின் மேற்பரப்பில் ஒளி அங்கும் இங்கும் சிதறுவது குறைகிறது, அதனால் மண்ணின் சொந்த நிறம் ஆழமாகத் தெரிகிறது. மழை நிறத்தைக் கழுவிவிடும் என்று நினைக்கிறோம், தரையைப் பொறுத்தவரை நேர்மாறு.

வாய்க்கால்கரை எழுதியது:

தம்பி இல்லை அண்ணாச்சி, தங்கச்சிதான். கோபமெல்லாம் இல்லை.

காலண்டர் அட்டையில் ஓட்டை போட்டு இன்று காலை மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவர் வானத்தைவிட இருட்டு, நிஜமாகவே நம்ப முடியவில்லை, ரெண்டு மூணு தடவை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். மலை நான் நினைத்த மாதிரி இல்லை. அடிவாரம் பச்சை கலந்த நீலம், மேகத்துக்குக் கிட்டப் போகப் போக ஊதா. இத்தனை நாளும் இரண்டுக்கும் ஒரே டியூபைத்தான் போட்டிருக்கிறேன்.

தேரிமணல் அக்கா (அக்காதானே?), வாதாம் இலை எங்கள் தெருவிலேயே கிடக்கிறது. இப்போது மூன்று சந்தேகம். மழை வலுத்தால் வீட்டுக்கு வந்து போனில் எடுத்த போட்டோவைப் பார்த்துதான் முடிக்கிறேன், அதில் ஊதா, ரோஸ் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாவது, பயிரின் பச்சையை எப்படிக் கலப்பது. மூன்றாவது, இந்த ஈரக்காற்றில் வாஷ் காயவே மாட்டேன் என்கிறது, இரண்டாவது வாஷ் போட்டால் முதலாவதும் சேர்ந்து ஓடுகிறது.

உடைமரம் எழுதியது:

நான் கூந்தன்குளம் பக்கம். பறவை போட்டோ எடுப்பேன், கொஞ்சம் வரைவேன்.

போனை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் என்பதன் வேலையே காட்சியில் ஏறியிருக்கிற மொத்தச் சாயலை எடுத்துவிட்டு நடுச் சாம்பலுக்குக் கொண்டுவருவது. நீங்கள் தேடுகிற அந்த நீலத்தையும் ஊதாவையும் பிழை என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. கேமராவில் ப்ரோ என்றோ மேனுவல் என்றோ இருக்கும், அதில் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் வைத்து எடுங்கள், கண்ணுக்குத் தெரிந்ததற்குக் கொஞ்சம் கிட்ட வரும். வானத்தைத் தொட்டு ஃபோகஸ் பண்ணாதீர்கள், கீழே எல்லாம் கறுப்பாகிவிடும். அதைவிட நல்லது, நேரில் பார்க்கும்போதே தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுவது. மலையடி நீலப்பச்சை, மேகத்தடி ரோஸ், வரப்பு பழுப்பு என்று எழுதி வைத்தால் வீட்டில் வந்து போட்டோவில் வடிவத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

பச்சை. மேகம் மூடினால் பச்சை மங்கும் என்று நினைத்து எல்லாவற்றிலும் சாம்பலைக் கலக்காதீர்கள். வெயிலில் இலையின் மேல் கூசுகிற பளபளப்பு மப்பில் இல்லை, அதனால் பயிரின் சொந்தப் பச்சை அப்போதுதான் முழுசாகத் தெரியும். காட்டைப் படம் எடுக்கிறவர்கள் மப்பு நாளுக்குக் காத்திருப்பது இதற்காகத்தான். இளம் பயிருக்கு லெமன் யெல்லோவில் அல்ட்ராமரின் கொஞ்சம், அதிலும் மஞ்சள் பக்கமே இருக்கட்டும். நட்டு வேர் பிடித்துக் கறுத்த வயலுக்கு நீலத்தைக் கூட்டி பர்ன்ட் சியன்னா ஒரு துளி. பனையோலைக்கும் உடைமரத்துக்கும் கறுப்பும் மஞ்சளும் கலந்தால் வருகிற ஆலிவ் பச்சை அருமையாகப் பொருந்தும், கறுப்பையே தொடக் கூடாது என்று சொல்கிறவர்கள் இதைக் கலந்து பார்த்ததில்லை. வாழையில் ஒன்றைக் கவனியுங்கள். மேல்புறம் வானத்தை வாங்கி நீலச் சாம்பலாகத் தெரியும், கிட்டத்தட்ட பச்சையே இருக்காது. வெளிச்சம் ஊடுருவி வருகிற அடிப்புறம்தான் மஞ்சள் பச்சை. ஒரே இலையில் இரண்டும் இருப்பதால் பச்சை டியூபைத் தொடாமலே வாழைத்தோப்பு வரையலாம்.

நிறம் எங்கே என்று கேட்டால் எனக்குப் பனைமரம்தான். தூரத்தில் நின்று பார்த்தால் கறுப்புக் கம்பு, எல்லாரும் அப்படித்தான் இழுத்துவிடுகிறார்கள். மழை வெறிச்சதும் கிட்டப் போய் ஒரு முழம் தூரத்தில் நின்று பாருங்கள். மழை எந்தப் பக்கமிருந்து அடித்ததோ அந்தப் பக்கம் மட்டும் நனைந்து கரும்பழுப்பாக, கொஞ்சம் ஊதா ஓடி இருக்கும். மறுபக்கம் காய்ந்து வெள்ளிச் சாம்பல். நடுவில் நேராக ஒரு கோடு போட்ட மாதிரி இருக்காது, பழைய மட்டை விழுந்த வளையங்களில் தண்ணீர் தேங்கி அங்கங்கே உடைந்து உடைந்து இறங்கியிருக்கும். பட்டையில் ஒட்டின பாசி காய்ந்திருக்கும்போது வெறும் வெளுப்பு, நனைந்ததும் பச்சை எடுத்து நிற்கும், சில இடத்தில் ஆரஞ்சு மஞ்சளில் பொட்டுப் பொட்டாக. அடியில் செம்மண் தெறித்துக் கணுக்கால் உயரத்துக்குச் செவலை. இத்தனையும் ஒரே மரத்தில். இதையெல்லாம் ஒவ்வொன்றாக வரையச் சொல்லவில்லை, தூரத்துப் பனையை இழுக்கும்போது பிரஷ்ஷில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பழுப்பு எடுத்து ஒரே இழுப்பில் இழுத்தால் கம்பு மரமாகும்.

பறவைக்கும் ஒரு வார்த்தை. கொக்கு வயலுக்கு எதிரே வெள்ளை, அதே கொக்கு எழும்பி வானத்துக்கு வந்துவிட்டால் சாம்பல். வெள்ளை கொவாஷ் (அடியை மறைக்கிற தடித்த நீர்வண்ணம்) வைத்து வானத்தில் கொக்கு வரைந்த படங்களைப் பார்த்தால் கை பரபரக்கும் எனக்கு. தை மாசம் வாக்கில் எங்கள் குளத்துக்குப் பூநாரை வந்து இறங்கினால் மப்பு வானத்தின் கீழ் அந்த ரோஸ் எவ்வளவு லேசானது என்று பாருங்கள், வர்ண நாரைக்கும் வால் பக்கத்தில் ஒரு கீற்று ரோஸ் உண்டு. பெயர்தான் வர்ணம், தாளில் போட்டால் தண்ணீரில் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

கொக்கிரகுளத்து அண்ணாச்சி வானம்தான் எப்போதும் வெளிச்சம் என்றார், அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. சாயங்காலம் மேற்கே மலைக்கு மேலே மேகம் கொஞ்சம் விலகி வெயில் சாய்வாக உள்ளே வரும், கிழக்கே வானம் கருங்கும்மென்று இருக்கும். அப்போது கிழக்குப் பக்கம் திரும்பினால் பனையும் கோயில் மதிலும் காற்றாலையும் வானத்தைவிட வெளிச்சம், கணக்கு அப்படியே தலைகீழ். ரொம்ப நேரம் நிற்காது, அதை இடத்திலேயே வரைய முயலாமல் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்வது நல்லது. அது முடிந்து கருக்கல் விழும்போது சிவப்புதான் முதலில் இருண்டு போகும், நீலமும் பச்சையும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மங்கின வெளிச்சத்தில் கண் வேலை செய்கிற விதம் அப்படி. அந்நேரத்துக் காட்சியில் வாதாம் இலைச் சிவப்பை அழுத்திப் போட்டுவிட்டால் நேரம் தப்பிவிடும்.

தறிச்சத்தம் எழுதியது:

உடைமரம், அந்த விலக்கு நல்ல விலக்கு. மலையைத் தாண்டி வெயில் வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நெல்லையில் சுலோச்சன முதலியார் பாலத்திலிருந்து தாமிரபரணி ஆற்றைப் பார்த்தால் தெரியும். பாலம் 1843இல் கட்டினது, கல் நனைந்து கறுத்திருக்கும், தண்ணீர் மட்டும் மஞ்சள். ஆனால் வாகன நெரிசலில் படம் வைக்கிற ஈசல் ஸ்டாண்டை எங்கே வைப்பது என்று கேட்காதீர்கள்.

தேரிமணல் எழுதியது:

அக்காதான்.

கொக்கிரகுளத்துக்காரன் எழுதியது:

விலக்கை ஒத்துக்கொள்கிறேன், சாதாரண மப்பு நாள் என்றுதான் நானும் சொன்னேன்.

தங்கச்சி, காயாத விஷயத்துக்கு வருவோம். மார்கழிக் காலையில் வெளியே நின்று மூன்று நான்கு வாஷ் போட்டுக் காயவைத்து வரையலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது நடக்காது. வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியில் ஒரே ஈரமான வாஷ், வானத்தில் தொடங்கி மலை, வயல் வரைக்கும் தாளை நனைத்து ஒரே மூச்சில், நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடினால் ஓடட்டும், மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் அந்த ஓட்டம்தான் வேண்டும். பிறகு தாளைப் படுக்கை வாட்டில் வைத்துவிட்டு டீ குடியுங்கள். சாய்த்து வைத்தால் தண்ணீர் கீழே வந்து தேங்கித் திரும்ப மேலே ஏறும், காலிபிளவர் மாதிரி விளிம்பு விழும். பனை, வரப்பு, ஆள், ஓடு எல்லாம் வீட்டில் வந்து ஃபேனுக்குக் கீழே நன்றாகக் காய்ந்த பிறகு. காய்ந்ததா என்று விரலின் பின்பக்கத்தை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அவசரமென்றால் ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்துக் காட்டலாம், கிட்டப் பிடித்தால் ஈர வாஷை ஊதித் தள்ளிவிடும்.

இரண்டாவது வாஷ் போடும்போது முதலாவது கிளம்பி வருகிறது என்றால் தாளையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமான பருத்தித் தாள் விலை கூடத்தான், பெரிய தாளாக ஒன்று வாங்கி எட்டாக மடித்துக் கிழித்துக்கொண்டால் கட்டுப்படியாகும். மழைக்காலத்தில் தாளை அலமாரியில் சும்மா வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்தால் பிடித்த இடத்தில் நிறம் பொட்டுப் பொட்டாக உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே வைத்துக் கட்டிவிடுங்கள். அடுத்த படத்தை இங்கே போடுங்கள், வானம் எவ்வளவு இருட்டு என்று பார்த்துவிட்டுத் திட்டுகிறோம்.